செல்போன் சிக்னல் முடிகிற இடத்தில் தொடங்கும் சட்டம்: குமரி மாவட்டப் போட்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூத்தூரிலோ வள்ளவிளையிலோ புதிதாக ஒரு போட்டில் பங்கு போட்டவர், வளைகுடாவில் பல வருடம் கடல்வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர், அப்பாவின் தொழிலை இந்த சீசனில் கையில் எடுக்கும் மகன். மூன்று பேரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணே, எந்த சாட்டிலைட் போன் வாங்கலாம்?" கேள்வி கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது. எதை வைத்திருக்க அனுமதி உண்டு, அதை எங்கே பதிய வேண்டும், ஆபத்துப் பொத்தானை அமுக்கினால் அந்தச் செய்தி யாருடைய மேஜையில் போய் விழும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்களின் தொழில் கரையோடு முடிகிற தொழில் அல்ல. சுறாவுக்கும் சூரைக்கும் போகிறவர்கள் லட்சத்தீவு தாண்டி, குஜராத் கடல் வரை போய் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கரையை விட்டுச் சில கடல் மைல் போனதுமே செல்போன் வெறும் டார்ச்லைட் ஆகிவிடும். வயர்லெஸ் அதைவிடக் கொஞ்ச தூரம் எட்டும், அவ்வளவுதான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது, பல நாள் முன்பே கிளம்பிப்போன தங்கல் போட்டுகளுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. அன்றைக்கு இல்லாத கருவிகள் பல இன்று இருக்கின்றன. ஒன்று இரண்டு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு அலுவலகம், ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவை வெறும் காகித வேலையாக எண்ணி ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம். நான் பார்த்தவரை, காப்பாற்றுகிறவனுக்கு முதலில் கையில் கிடைப்பது அந்தக் காகிதம்தான்.

முதலில், கொண்டுவரக் கூடாதது

வளைகுடாவில் துரயா என்ற சாட்டிலைட் போன் சாதாரணப் பொருள். அங்கே கடலில் வேலை பார்த்தவர் ஊருக்கு வரும்போது "நம்ம போட்டுக்கு ஆகட்டும்" என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவர நினைப்பது இயல்பு. தயவுசெய்து வேண்டாம். அனுமதி இல்லாமல் துரயா, இரிடியம் போன்களை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பேச வேண்டும் என்றுகூட இல்லை, கையில் இருந்தாலே போதும். விமான நிலையச் சோதனையிலேயே சிக்கும். மலையேறும் வெளிநாட்டுப் பயணிகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு வரும் கார்மின் இன்ரீச் என்ற சின்னக் கருவியும் இரிடியம் செயற்கைக்கோளில் ஓடுவதுதான். அதற்காகவும் நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். பிரிட்டன் அரசு தன் குடிமக்களுக்கு இதைத் தனியாகவே எச்சரித்து எழுதி வைத்திருக்கிறது. கன்னியாகுமரியில் விடுதி நடத்துகிறவர்கள் இதையும் நினைவில் வைத்தால் நல்லது.

இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதில் ஒரு மீன்பிடி போட்டும் வருகிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடி போட்டைக் கடலில் கைப்பற்றி அதில்தான் மும்பைக் கரைக்கு அருகே வந்தார்கள். அந்தப் போட்டில் ஒரு துரயா போன் கிடந்தது. அதற்குப் பிறகு, அடையாளம் தெரியாத சாட்டிலைட் போன் சிக்னல் ஒன்று கடலோரத்தில் எழுந்தாலே விசாரணை கிளம்பிவிடும். நம் போட்டுகள் தொழில் செய்வதும் அதே மேற்குக் கடலில்தான். நீங்கள் நல்லவர் என்பது சிக்னலைப் பார்க்கிறவருக்குத் தெரியாது.

சட்டத்தின் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885-ம் வருடத் தந்திச் சட்டமும் 1933-ம் வருட வயர்லெஸ் சட்டமும்தான் நெடுங்காலம் இதையெல்லாம் ஆண்டுவந்தன. அவற்றின் இடத்தில் 2023-ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் அது பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும் அடிப்படை ஒன்றுதான்: அலைவரிசை அரசின் சொத்து, அதில் ஒலிபரப்பும் எந்தக் கருவிக்கும் அனுமதியோ விதிவிலக்கோ வேண்டும்.

சாட்டிலைட் போன் வேண்டும்தான் என்றால்

முறையான வழி உண்டு. பி.எஸ்.என்.எல். நிறுவனம் இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக 2017 முதல் இந்தச் சேவையைத் தருகிறது. முதலில் அரசுத் துறைகளுக்குத்தான் கொடுத்தார்கள், பிறகு வாசல் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. அடையாளச் சான்று, போட்டின் பதிவுச் சான்று, எதற்காக வேண்டும் என்ற விளக்கக் கடிதம், எல்லாம் கேட்பார்கள். சிம் கார்டு வாங்குவதுபோல ஒரு மணி நேரத்தில் முடியாது. ஒக்கிக்குப் பிறகு மாநில அரசு ஆழ்கடல் போட்டுகளுக்கு மானியத்தில் சாட்டிலைட் போன் தந்திருக்கிறது. அப்படி ஏதாவது திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொந்தக் காசைப் போடுங்கள்.

போன் கைக்கு வந்தபின் மூன்று சங்கதி. உங்கள் போட்டின் பெயரில் வாங்கியதை மச்சானின் போட்டுக்கு ஒரு டிரிப்புக்குக் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் தேடுகிறவர்கள் உங்கள் போட்டைத் தேடுவார்கள். இரண்டாவது, ஆன்டெனாவை முழுக்க இழுத்து நிமிர்த்தி, கேபினுக்கு வெளியே வானம் தெரிகிற இடத்தில் நின்றால்தான் அது இணையும். வீல் ஹவுஸுக்குள் இருந்து "லைன் கிடைக்கல" என்று புலம்பிப் பயனில்லை. மூன்றாவது, யாரும் யோசிக்காத ஒன்று: கடலோரக் காவல்படையின் 1554, பொது அவசரத்துக்கான 112 மாதிரியான மூன்று நான்கு இலக்கக் குறுக்கு எண்கள் சாட்டிலைட் போனில் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். கடலோரக் காவல்படையின் சென்னை, மும்பை மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களின் முழு எண்களை, முன்னால் 91 சேர்த்து, கரையில் இருக்கும்போதே போனில் ஏற்றிவிடுங்கள். ஏற்றிய கையோடு ஒருமுறை வீட்டுக்கும் அழைத்துப் பாருங்கள்.

எந்த அலுவலகத்தில் எது

புதியவர்கள் அதிகம் அலைவது இங்கேதான். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசின் மீன்பிடிச் சட்டம், அதாவது 1983-ம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசின் பொறுப்பு. வயர்லெஸ் உரிமம் தொலைத்தொடர்புத் துறையிடம். செயற்கைக்கோள் கருவிகளின் தொழில்நுட்பம் இஸ்ரோவிடம். மீட்புக்கு வருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள கடலோரக் காவல்படை. துறைமுகத்தில் ஆளையும் போட்டையும் கேட்பது மாநிலத்தின் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ். இத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்க யாருக்கும் இன்னும் தோன்றவில்லை. ஆகவே உங்கள் பகுதி மீன்துறை அலுவலகத்தையே தலைவாசலாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்குப் போக வேண்டிய தாள்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அந்தத் தலைவாசலில் முதல் வேலை, போட்டின் பதிவும் மீன்பிடி உரிமமும். 'ரியல்கிராஃப்ட்' என்ற இணையதளத்தில்தான் இப்போது நடக்கிறது. பழைய போட்டை விலைக்கு வாங்கியிருந்தால் பெயர் மாற்றத்தை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பழைய உரிமையாளரின் பெயரும் போன் எண்ணும் அப்படியே கிடந்தால், நடுக்கடலில் நீங்கள் அனுப்பும் ஆபத்துச் செய்திக்கு அவர் வீட்டு போன்தான் அடிக்கும். அவரோ போட்டை விற்ற காசில் வேறு ஊரில் கடை வைத்திருப்பார்.

2025 நவம்பரில் மத்திய அரசு 200 கடல் மைல் பகுதிக்குப் புதிய மீன்பிடி விதிகளை அறிவித்திருக்கிறது. அதன்படி விசைப்படகுகளுக்கும் பெரிய மோட்டார் படகுகளுக்கும் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். அதே இணையதளத்தில், கட்டணம் இல்லாமல். பாரம்பரியச் சிறு வள்ளங்களுக்கு இது தேவையில்லை. போட்டின் இருப்பிடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்துவதையும் இந்த விதிகள் கட்டாயமாக்குகின்றன.

டிரான்ஸ்பாண்டர்

இன்றைக்கு ஒரே ஒரு கருவிதான் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் நாடு முழுக்க 1 லட்சம் போட்டுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டம் இது, மதிப்பு சுமார் 364 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைத்தார்கள். கருவி இஸ்ரோவின் தொழில்நுட்பம். போட்டின் இருப்பிடத்தைத் தானாகவே செயற்கைக்கோளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கை எழுத்துச் செய்தியாக வரும், நீங்களும் திருப்பி எழுதலாம். பேச முடியாது. எல்லைக் கோட்டை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்துப் பொத்தான் உண்டு.

இதைக் கேட்டதும் துறைமுகத்தில் கிளம்பும் முதல் முணுமுணுப்பு: "எங்க வலை விடுறோம்னு எல்லாத்தையும் பாத்துட்டே இருப்பானா?" பார்ப்பார்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல மீன் கிடைத்த இடத்தைப் பக்கத்துப் போட்டுக்கே சொல்லாத தொழில் இது, ஆகவே அந்த எரிச்சல் எனக்குப் புரியும். ஆனால் இலங்கை எல்லை, மாலத்தீவுக் கடல், டீகோ கார்சியா என்று நம் போட்டுகள் பிடிபட்ட இடங்களை எண்ணிப் பாருங்கள். எல்லையை நெருங்கும்போதே ஒரு பெட்டி கத்தியிருந்தால் சில போட்டுகளாவது மிஞ்சியிருக்கும். போட்டை நிறுத்தி வைத்து அபராதத்துக்கு அலைகிற மாதங்களோடு ஒப்பிட்டால் இந்தக் கண்காணிப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பொருத்தும்போது கூடவே நில்லுங்கள். ஆன்டெனாவுக்கு மேலே வலைச்சுருளோ தார்ப்பாயோ வராத உயரமான இடமாக இருக்க வேண்டும். பெட்டி ப்ளூடூத் வழியாகச் செல்போனோடு பேசும். அதற்கு 'நப்மித்ரா' என்ற செயலி வேண்டும். செயலியைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், அதுவும் ஒருவர் போனில் மட்டும் அல்ல. ஸ்ராங்கின், அதாவது போட்டை ஓட்டுபவரின், போன் கடலில் விழுந்துவிட்டால் நடுக்கடலில் பிளே ஸ்டோர் திறக்காது. பொருத்திய பின் துறைமுகத்திலேயே ஒரு செய்தி அனுப்பி, கிடைத்ததா என்று உறுதி செய்யாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

டி.ஏ.டி. பெட்டியும் 406 பீக்கனும்

டி.ஏ.டி. என்பது இஸ்ரோ மீனவர்களுக்காகவே செய்த ஆபத்து அறிவிப்புக் கருவி. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பழைய பெட்டியில் ஒரு குறை: பொத்தானை அமுக்கினால் செய்தி போகும், ஆனால் போனதா இல்லையா என்று திரும்பச் சொல்லாது. மூழ்குகிற போட்டில் நிற்பவனுக்கு அந்த மௌனம் பெரிய தண்டனை. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைப் பெட்டி, செய்தி கிடைத்துவிட்டது என்று பதில் சொல்லும். கரையிலிருந்து வானிலை, மீன் கிடைக்கும் இடம் முதலியவற்றையும் அனுப்ப முடியும். பழைய பெட்டி வைத்திருப்பவர்கள், மாற்றித் தரும் திட்டம் இருக்கிறதா என்று மீன்துறையில் கேளுங்கள். எதுவானாலும் பெட்டி போட்டில் இருக்க வேண்டும். திருட்டுப் போய்விடுமே என்று பத்திரமாக வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன், அதாவது செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, வேறு. உலகம் முழுக்க ஒரே முறையில் இயங்கும் காஸ்பஸ்-சர்சாட் ஏற்பாட்டைச் சேர்ந்தது, பெரிய கப்பல்களில் கட்டாயம். இந்தியாவில் அதன் செய்தி பெங்களூரிலுள்ள இஸ்ரோ மையத்துக்கு வந்து, அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். விலை அதிகம், ஆனால் லட்சத்தீவு தாண்டித் தங்குகிற போட்டுக்கு அந்தக் காசு தகும். ஒவ்வொரு பீக்கனின் மேலும் 15 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு ஒட்டியிருக்கும். அதை அந்த பெங்களூரு மையத்தில் பதிய வேண்டும். போட்டின் பெயர், நிறம், நீளம், உரிமையாளர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள், எல்லாம் அதில் வரும்.

இந்தப் பதிவு ஏன் உயிர் என்று சொல்கிறேன். பீக்கன் அலறியதும் மையத்தில் இருப்பவர் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, பதிவில் இருக்கும் எண்ணுக்கு போன் போடுவது. "ஆமாம் சார், போட் கடலில்தான் இருக்கு, பத்துப் பேர் இருக்காங்க, இந்தத் திசையில் போனாங்க" என்று வீட்டிலிருந்து ஒரு பெண் சொன்னால் அந்த நிமிடமே அது நிஜ ஆபத்து. பதியாத பீக்கன் அலறினாலும் தேடுவார்கள், ஆனால் எந்தப் போட், எத்தனை பேர், எங்கே போனார்கள் என்று எதுவும் தெரியாமல் தொடங்க வேண்டும். பழைய பீக்கனை விலைக்கு வாங்கினால் முந்தையவர் பெயரிலிருந்து மாற்றிப் பதியுங்கள். பேட்டரிக் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

தவறுதலாக அமுங்கிவிட்டால்? பையன் துடைக்கும்போது கை பட்டுவிட்டது என்று பயந்து அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். உடனே 1554-க்கோ வயர்லெஸ் 16-ம் சேனலிலோ "தவறுதலாக அமுங்கிவிட்டது, நாங்கள் நலம்" என்று சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் உங்களைத் தேடி ஒரு கப்பலும் விமானமும் கிளம்பும். அதே நேரம் வேறொரு போட் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கலாம்.

வயர்லெஸ்

போட்டில் வைக்கும் மரைன் வயர்லெஸ்ஸுக்கும் உரிமம் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பம். போட் பதிவுச் சான்றும், கருவி வாங்கிய பில்லும் வேண்டும். டிஜிட்டல் ஆபத்து அழைப்புள்ள செட்டாக இருந்தால் ஒன்பது இலக்க அடையாள எண் ஒன்றும் கிடைக்கும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். அதைச் செட்டில் ஏற்றினால்தான் சிவப்புப் பொத்தானுக்கு அர்த்தம்.

16-ம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் அழைப்புக்கும் மட்டும். அங்கே மீன் விலை பேசாதீர்கள். பேச வேண்டியதை வேறு சேனலுக்கு மாற்றிப் பேசுங்கள், ஆனால் காது 16-ல் இருக்கட்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீன வாக்கி டாக்கிகள் பற்றியும் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு துண்டுதான் 2018-ல் விடப்பட்டிருக்கிறது, அதுவும் குறைந்த சக்தியில். நீங்கள் பார்க்கிற பல மாடல்கள் அதைத் தாண்டிப் பேசக்கூடியவை. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத் தளங்களில் இவற்றின் விற்பனைக்குத் தனி வழிகாட்டுதலே போட்டது. பெட்டியில் இந்திய ஒப்புதல் எண் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

இருப்பிடத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ளுதல்

எத்தனை கருவி இருந்தாலும் ஒருநாள் வாயால் இடத்தைச் சொல்ல வேண்டி வரும். அதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கடல் மைலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜி.பி.எஸ். திரையில் வடக்கு 7 டிகிரி 40 நிமிடம், கிழக்கு 76 டிகிரி 50 நிமிடம். அவசரத்தில் "ஏழு புள்ளி நாலு பூஜ்யம், எழுபத்தாறு புள்ளி அஞ்சு பூஜ்யம்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கேட்கிறவர் அதைத் தசமமாக எழுதிக்கொள்கிறார். 7.40 டிகிரி என்றால் 7 டிகிரி 24 நிமிடம். 76.50 என்றால் 76 டிகிரி 30 நிமிடம். வடக்கு தெற்கில் 16 கடல் மைலும் கிழக்கு மேற்கில் 20 கடல் மைலும் தள்ளிப்போய்விட்டது. நேர்கோட்டில் 25 கடல் மைலுக்கு மேல். கப்பல் சரியாக நீங்கள் சொன்ன இடத்துக்கு வந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே "டிகிரி" என்றும் "நிமிடம்" என்றும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் வாயால் சொல்லுங்கள். புள்ளி என்ற சொல்லை நிமிடத்துக்குப் பின்னால் வரும் எண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், இரண்டு முறை சொல்லுங்கள்.

சொல்லும் வரிசை இது. "மேடே" என்று மூன்று முறை. போட்டின் பெயர் மூன்று முறை, பதிவு எண். இருப்பிடம். என்ன ஆபத்து. எத்தனை பேர். என்ன உதவி வேண்டும். முடித்ததும் பொத்தானிலிருந்து கையை எடுத்துக் காதைக் கொடுங்கள். பதட்டத்தில் பொத்தானை அமுக்கியே வைத்திருந்தால் எதிர்முனை சொல்வது கேட்காது. பதில் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ வரலாம். மூழ்குகிறோம், தீ, இன்ஜின் நின்றுவிட்டது, ஆள் கடலில் விழுந்துவிட்டான், காயம் என்ற ஐந்து வாக்கியங்களுக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, வீல் ஹவுஸில் செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்ராங்கு மட்டும் அல்ல, சமையல் பார்க்கும் பையனும் அதைப் படித்துச் சொல்லிப் பழக வேண்டும். விழுந்தவன் ஸ்ராங்காகவே இருந்தால்?

கரையில் விட்டுப்போக வேண்டியது

ஒக்கிக்குப் பிறகு எத்தனை பேரைக் காணவில்லை என்பதிலேயே நாட்கணக்கில் குழப்பம். அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, தேவாலயப் பங்குகளில் குடும்பம் குடும்பமாக எழுதிவைத்தது ஒன்று. அந்தந்தப் போட்டில் அந்த டிரிப்புக்கு உண்மையில் ஏறியவர்கள் யார் என்ற பட்டியல் பலரிடம் இல்லை. கடைசி நேரத்தில் ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார். வெளி மாநிலத் தொழிலாளிகளின் வீட்டு எண் யாரிடமும் இருக்காது.

எனவே கிளம்புகிற நாளன்று, கடலுக்குப் போகும் டோக்கன் போடுவதோடு நிறுத்தாமல், கரையில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். மனைவியோ அண்ணனோ சங்கத்தில் ஒருவரோ, போனை எடுப்பவராக இருக்க வேண்டும். போட் பதிவு எண், டிரான்ஸ்பாண்டர் எண், டி.ஏ.டி. எண், பீக்கன் குறியீடு, சாட்டிலைட் போன் எண், ஏறியவர்களின் பெயரும் வீட்டு எண்ணும், போகும் திசை, திரும்ப நினைக்கும் நாள். ஒரே தாள். வாட்ஸ்அப்பில் ஒரு படம், வீட்டில் ஒரு காகிதம். ஒக்கியின்போது மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல நாள் மின்சாரமே இல்லை, அதனால்தான் காகிதமும் சொல்கிறேன்.

கரையில் இருப்பவர் எழுதி வைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, பொது அவசரம் 112. உங்கள் நிறுவனத்தின் டவர் விழுந்திருந்தாலும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக 112 போகும். பெரிய பேரிடரில் மற்ற நிறுவன டவர்களிலும் எல்லோரும் பேசத் தொலைத்தொடர்புத் துறை தற்காலிகமாகத் திறந்துவிடுவதுண்டு. அப்போது போனின் அமைப்புக்குள் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

எச்சரிக்கைக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலி இருக்கிறது. கள்ளக்கடல், அதாவது கரையில் காற்றில்லாதபோதும் திடீரென எழும் பேரலை, பற்றிய எச்சரிக்கையை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிறது. கடலுக்குப் போகிறவர்கள் இதை ஓரளவு கவனிக்கிறார்கள், கடற்கரைக்கு வருகிறவர்கள்தான் கவனிப்பதில்லை. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

ஸ்டார்லிங்க் வந்தால்?

இளைஞர்கள் கேட்கும் அடுத்த கேள்வி. ஒன்வெப், ஜியோ, ஸ்டார்லிங்க் ஆகிய மூன்றும் இந்தியாவில் செயற்கைக்கோள் இணையச் சேவைக்கு உரிமம் பெற்றவை, ஸ்டார்லிங்க் கடைசியாக 2025 ஜூனில் பெற்றது. உரிமம் வேறு, அலைக்கற்றையும் பாதுகாப்புச் சோதனையும் வேறு. 2025 மே மாதம் அரசு போட்ட பாதுகாப்பு நிபந்தனைகளில் கடற்கரையிலிருந்து 200 கடல் மைல் பகுதி சிறப்புக் கண்காணிப்பு வளையமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, நம் தொழிலின் பெரும்பகுதி அதற்குள்தான். வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய ஸ்டார்லிங்க் ஆன்டெனாத் தட்டை யாராவது கொண்டுவந்து போட்டின் கூரையில் மாட்டச் சொன்னால், மேலே துரயாவுக்குச் சொன்னதை இதற்கும் பொருத்திக்கொள்ளுங்கள்.

மலைப்பக்கம், கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு போன்ற இடங்களில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வரி: சிக்னல் வரவில்லை என்று சொந்தமாக மொபைல் பூஸ்டர் வாங்கி மாட்டுவதும் சட்டவிரோதம், சுற்றுவட்டாரத்துக்கே சிக்னல் கெடும். ஊர் சேர்ந்து நிறுவனத்திடம் டவர் கேட்பதுதான் வழி. ரேடியோவில் உண்மையான ஆர்வம் இருந்தால் ஹாம் தேர்வு எழுதலாம், 12 வயது நிரம்பினால் போதும்.

இந்த வேலைகளையெல்லாம் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம், நீரோடி பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. போட் கரையில் நிற்கும், மெக்கானிக்கும் பக்கத்தில் இருப்பார். வயர்லெஸ் உரிம விண்ணப்பத்தைத் தடை தொடங்கும் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், ஜூலைக் கடைசியில் போட்டால் போட் கிளம்பிய பிறகுதான் தாள் வரும். பெயிண்ட் அடிக்கிறவரிடம் ஆன்டெனாவின் மேல் தூரிகை படாமல் பார்க்கச் சொல்லுங்கள்.